படகுக்கு வாய் இருக்கிறது, விழுந்தவருக்கு?

படகு முதலாளிமார்களே! உங்கள் விசைப்படகில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வழி காட்ட ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆழமும் மீன் கூட்டமும் பார்க்க எக்கோ சவுண்டர் இருக்கிறது. பேச வி.எச்.எஃப். இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்ல டிரான்ஸ்பாண்டர் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம், சுமார் 360 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு அந்தக் கருவியைப் பொருத்துவதற்குத்தான். இவ்வளவும் நல்லவைதான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. நள்ளிரவில் உங்கள் படகிலிருந்து ஓர் ஆள் தவறிக் கடலில் விழுந்தால், இவற்றில் எந்தக் கருவி வாய் திறக்கும்?

ஒன்றுகூடத் திறக்காது!

படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். கரையில் இருக்கும் திரையில் அதன் புள்ளியும் அழகாக நகர்ந்துகொண்டிருக்கும். படகைப் பொறுத்தவரை எந்த ஆபத்தும் இல்லை. ஆபத்தில் இருப்பவர் அலைகளுக்கு நடுவே, பின்னால் நின்றுபோன அந்த ஒரு மனிதர் மட்டும்தான். அவருக்காகப் பேசுவதற்கு நாம் எதையும் வைக்கவில்லை.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம், தொண்டி என்று நம் கடலோர ஊர்களில் படகு உள்ளவர்களுக்கும் படகில் ஏறுகிறவர்களுக்கும்தான் இதை முதலில் எழுதுகிறேன். கடலையே பார்க்காத ஊரில் கடை வைத்திருக்கும் வணிகச் சகோதரர்கள், இது நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். படகுக்கு முன்பணம் கொடுத்து மீன் எடுப்பவர், ஐஸ் ஆலை நடத்துபவர், இறால் ஏற்றுமதி செய்பவர், படகில் பங்கு போட்டிருப்பவர் உங்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் படகு கடலுக்குப் போகிறது.

ஆள் எப்படி விழுகிறார்? புயலில்தான் விழுவார் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கடல் அமைதியாகக் கிடக்கும் இரவிலும் விழுகிறார்கள். மடி இறக்கும்போது ஓடும் கயிற்றின் சுருளுக்குள் கால் மாட்டுகிறது. மீன் சளியும் டீசலும் சேர்ந்த பலகையில் வழுக்குகிறது. சிறுநீர் கழிக்கப் பின்பக்கம் போனவர் பிடிமானம் இல்லாமல் சாய்ந்துவிடுகிறார். மற்றவர்கள் இரண்டு நாள் உழைப்பின் அசதியில் தூங்குகிறார்கள். டிரைவர் முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறார். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. தண்ணீரில் விழுந்தவர் கத்துவதா கேட்கும்?

இனி ஒரு சின்னக் கணக்கு. படகு ஏழு நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அது மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 216 மீட்டர். ஐந்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அலையில் மிதக்கும் ஒரு தலை, தேங்காய் அளவுதான் தெரியும்; பட்டப்பகலிலேயே சில நூறு மீட்டர் தள்ளினால் கண்ணுக்கு அகப்படாது. தேநீர் போட எழுந்தவர், ‘அவரைக் காணோமே’ என்று கேட்கும்போது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால், தேட வேண்டியது 26 கிலோமீட்டர் நீளக் கடல். நீரோட்டமும் காற்றும் அவரை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்பது தனிக் கணக்கு.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மாண்டாக் என்ற துறைமுகம். அங்கிருந்து சிங்கி இறால் பிடிக்கப் போன ‘அன்னா மேரி’ என்ற படகில் இருந்த ஜான் ஆல்ட்ரிட்ஜ், 2013 ஜூலை 24 அன்று அதிகாலை மூன்றரை மணியளவில் கடலில் விழுந்தார். கனமான ஒரு குளிர்பெட்டியைப் பிடித்து இழுத்தார், கைப்பிடி அறுந்தது, திறந்திருந்த பின்பக்கம் வழியாக நேரே தண்ணீரில்! கூட இருந்த இருவரும் கீழே தூக்கத்தில். படகோ தானியங்கிச் சுக்கானில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணெதிரே அது போய் மறைந்தது.

அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? காலில் இருந்த ரப்பர் பூட்சைக் கழற்றினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்துக் காற்றைப் பிடித்து, இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்றாக இடுக்கிக்கொண்டு மிதந்தார். விடிந்த பிறகு யாரோ கட்டியிருந்த மிதவைகளைத் தேடி நீந்திப்போய்ப் பிடித்துக்கொண்டார். சுமார் 12 மணி நேரம் கழித்துக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் அவரைத் தூக்கியது. எத்தனை விமானம், எத்தனை படகு, எத்தனை கணினி! அவ்வளவு வசதி இருந்தும் அந்தத் தேடல் ஏன் நீண்டது? அவர் எப்போது விழுந்தார் என்பது யாருக்கும் தெரியாது. நண்பர் விழித்துப் பார்த்தபோது மணி ஆறு. அதற்கு முன் எந்த நிமிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அறுந்த கைப்பிடியைப் பார்த்துத்தான் இந்த நேரம், இந்த வேலையின்போது விழுந்திருப்பார் என்று ஊகித்தார்கள். விழுந்த கணத்தில் படகில் ஒரு மணி அடித்திருந்தால்? படகைத் திருப்பிக் கால் மணி நேரத்துக்குள் தூக்கியிருப்பார்கள்.

அந்த மணிதான் இன்று கடைகளில் விற்கிறது.

எந்தக் கருவி எதற்கு?

இதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆகவே சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வகை, படகுக்குள்ளேயே அடிக்கும் மணி. ஒவ்வொருவரும் மணிக்கட்டிலோ கழுத்திலோ சிறு வில்லை ஒன்றை அணிந்திருப்பார். டிரைவர் அறையில் ஒரு பெட்டி இருக்கும். வில்லையும் பெட்டியும் வானொலி அலையில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஆள் தண்ணீருக்குள் போனால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். உடனே பெட்டி அலறும். அந்த இடத்தை ஜி.பி.எஸ்.சில் குறித்துக்கொள்ளும். சில வகைகள் இஞ்சினையே நிறுத்திவிடும். விழுந்தவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. தலையில் அடிபட்டு மயங்கியிருந்தாலும் மணி அடிக்கும். இதுதான் இதன் சிறப்பு.

இரண்டாவது வகை, ஏ.ஐ.எஸ். கருவி. மிதவைச் சட்டையில் பொருத்திக்கொள்வது. சட்டை ஊதிப் பெருத்ததும் தானாக இயங்கி, விழுந்தவர் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள படகுகளின் திரையில் காட்டும். அந்தக் கருவிகளின் எண் 972 என்று தொடங்கும். திரையில் அந்த எண்ணைக் கண்டால் அது கப்பல் அல்ல, தண்ணீரில் கிடக்கும் மனிதர் என்று பொருள். ஆனால் உங்கள் படகில் ஏ.ஐ.எஸ். வாங்கி இல்லாவிட்டால் உங்களுக்கு அது தெரியாது. ஆன்டெனா கடல் மட்டத்தில் இருப்பதால் சில கடல் மைல் தூரத்துக்குத்தான் எட்டும். ஆன்டெனா தண்ணீருக்குள் அமிழ்ந்தால் அதுவும் இல்லை.

மூன்றாவது வகை, செயற்கைக்கோளுடன் பேசும் தனிநபர் கருவி. 406 மெகாஹெர்ட்ஸில் கூவும். உலகின் எந்த மூலையிலிருந்தும் மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். நம் நாட்டில் அது பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்துக்கு வரும். குறைந்தது 24 மணி நேரம் ஒலிக்கும் மின்கலம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் இதைக் கையால்தான் இயக்க வேண்டும். செய்தி போய், இடம் உறுதியாகி, கப்பலோ விமானமோ புறப்பட்டு வந்து சேரவும் நேரமாகும்.

எங்கே கவனிக்க வேண்டும் என்றால், விழுந்தவருக்கு மிக அருகில் இருக்கும் மீட்புப் படகு எது? அவரை விட்டுவிட்டுப் போகிற அவருடைய சொந்தப் படகுதான்! அதைத் திருப்புவதுதான் முதல் வேலை. ஆகவே கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால் முதல் வகையை வாங்குங்கள். தனியாகக் கடலுக்குப் போகிறவருக்கு அந்த மணியால் பயனில்லை; திருப்புவதற்குப் படகில் யாரும் இல்லையே! அவருக்கு இஞ்சினை நிறுத்தும் கயிறும் மூன்றாவது வகையும் வேண்டும். அந்தக் கயிறு மிக எளியது. வெளியே பொருத்தும் அவுட்போர்டு இஞ்சின்கள் பலவற்றில் சுருள் சுருளாகச் சிவப்பு வடம் ஒன்று வரும். ஒரு முனை இஞ்சினில், மறுமுனை ஓட்டுபவர் உடம்பில். அவர் விழுந்தால் இஞ்சின் நின்றுவிடும், படகு அவரை விட்டு ஓடாது. இஞ்சினோடு சேர்ந்தே வரும் அதை மாட்டிக்கொள்ளாமல் போவதை என்னவென்று சொல்வது?

இஸ்ரோவும் கடலோரக் காவல்படையும் 2010 முதல் படகுகளுக்குத் தந்துவரும் ஆபத்து அறிவிப்புக் கருவியை விட்டுவிட்டேன் என்று சிலர் நினைக்கலாம். நல்ல கருவி அது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற பதிலும் திரும்பி வருகிறது. ஆனால் அது படகில் இருக்கிறது. விழுந்தவர் கடலில் இருக்கிறார். அதை அழுத்துபவருக்கு ஆள் விழுந்தது முதலில் தெரிய வேண்டுமல்லவா?

காணாமற்போனவரின் மனைவி

மார்க்கம் படித்தவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். உடல் கிடைக்காமல் போனவர் ஷரீஅத்தில் மய்யித் அல்ல, மஃப்கூத். உயிரோடு இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாதவர். மதரஸாவில் இந்தப் பாடத்தை ஓதிய ஒவ்வோர் ஆலிமுக்கும் அதன் கனம் தெரியும். நம் கடலோரம் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப். இமாம் ஷாஃபிஈ அவர்களின் பிந்திய கருத்துப்படி, கணவரின் மரணமோ தலாக்கோ உறுதியாகும்வரை மனைவி காத்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபிலோ அவருடைய வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகும் காலம்வரை. இது பெண்களுக்கு எவ்வளவு பெரிய நெருக்கடி என்பதை உணர்ந்துதான் இந்தியாவின் ஹனஃபி உலமாக்களே மாலிகி மத்ஹபின் நான்காண்டுக் கருத்தை எடுத்துக்கொண்டார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதிலிருந்து வந்தது. அதன்படி கணவரைப் பற்றி நான்கு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் மனைவி நீதிமன்றம் போகலாம். தீர்ப்புக் கிடைத்தாலும் அது அமலுக்கு வர இன்னும் ஆறு மாதம்.

சொத்துக்கு? அதற்கு வேறு கணக்கு. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று பழைய சாட்சியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டமும் அதையே சொல்கிறது. விபத்தில் இறந்த மீனவர் குடும்பத்துக்கு மத்திய அரசின் குழுக் காப்பீட்டில் ஐந்து லட்சம் உண்டு. ஆனால் இறப்புச் சான்றிதழ் எங்கே? 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் நூற்றுக்கணக்கானோர் போனதால் அரசு தனியாக நடவடிக்கை எடுத்தது. ஒரே ஒரு படகிலிருந்து ஒரே ஒரு ஆள் விழுந்தால் யார் தனி உத்தரவு போடுவார்கள்? அந்தப் பெண் இத்தா இருப்பதா, வேண்டாமா? வாரிசுகள் பங்கு பிரிப்பதா, கூடாதா? பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழலாமா? ஜமாஅத் கூடி இதையெல்லாம் பேசுகிறது. அந்த மனிதரின் கையில் ஒரு வில்லை இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

‘எல்லாம் கத்ர், அவருடைய அஜல் முடிந்துவிட்டது’ என்று முதலாளி சொல்கிறார். ‘தண்ணீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு’ என்று நாமும் ஆறுதல் சொல்கிறோம். இரண்டும் உண்மை. கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் முதலாளி தன் கணக்குப் புத்தகத்தை மூடுவதற்கு அதைச் சொல்லக்கூடாது. இஞ்சினுக்கு உபரி பாகம் வாங்கி வைக்கும்போது கத்ர் நினைவுக்கு வரவில்லையே! ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை மிம்பரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அடுத்தது செலவு. ஒரு படகுக்கும் அதன் ஆட்களுக்கும் சேர்த்து வாங்கினால் பணம் கொஞ்சமல்ல, தெரியும். ஜமாஅத் நிதியிலிருந்தோ ஜகாத்திலிருந்தோ தரக்கூடாதா என்று கேட்பவர்கள் வருவார்கள். கூடாது என்பதே என் கருத்து. இது தர்மம் அல்ல, தொழில் செலவு. மடி கிழிந்தால் ஜகாத்திலா வாங்குகிறீர்கள்? இன்னொன்று: டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு போடும் வழக்கத்தில் இதையும் சேர்த்துக் கழித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் தொழிலாளியின் உயிருக்கு அவர் பாக்கெட்டிலிருந்தே விலை வாங்கியதாகும். வலையைப் போல, வின்ச்சைப் போல, அது முதலாளியின் பொருள்.

இடம் காட்டும் கருவி என்றாலே பாக் நீரிணையில் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. எல்லைக்கோட்டு வழக்கு, அபராதம் என்று. டிரான்ஸ்பாண்டரை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ரகசியமும் அல்ல. அது சரியா தவறா என்ற வாதத்துக்கு இங்கே நான் வரவில்லை. ஆனால் முதல் வகை மணி வெளியே யாருக்கும் எதையும் சொல்லாது. அது உங்கள் டிரைவர் அறைக்குள் மட்டுமே அலறும். அதை மறுக்க அந்தக் காரணம் உதவாது.

வளைகுடாவில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. துபாயில் மலிவாகக் கிடைக்கிறது என்று செயற்கைக்கோள் கருவியை வாங்கி, பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்து விடாதீர்கள். ஒவ்வொரு கருவிக்குள்ளும் நாட்டுக் குறியீடு எழுதப்பட்டிருக்கும். அமீரகக் குறியீட்டோடு கோட்டைப்பட்டினம் கடலில் அது கூவினால், ‘இது யாருடையது’ என்று அமீரகத்தின் பதிவேட்டில்தான் தேடுவார்கள். அங்கே உங்கள் ஊர்த் தொலைபேசி எண் இருக்காது. இந்தியக் குறியீட்டுக்கு மாற்றி, பெங்களூர் மையத்தில் படகின் பெயர், வீட்டு எண் எல்லாம் பதிய வேண்டும். வானொலிக் கருவிகளுக்கு இங்கே உரிம விதிகளும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இளைஞர்களே! வில்லையைக் கையில் கட்டினால் கோழை என்று சிரிக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறது. மிதவைச் சட்டையைத் தலையணையாக்கித் தூங்குவதும் நீங்கள்தான். மணி அடிப்பது படகைத் திருப்பத்தான். திரும்பி வரும்வரை உங்களை மிதக்க வைப்பது அந்தச் சட்டை. ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான். பிரிட்டனில் 2018 முதல், விழும் ஆபத்து இல்லை என்று எழுத்தில் நிறுவினாலொழிய, மீன்பிடிப் படகின் திறந்த தளத்தில் மிதவைச் சட்டை அணிவது சட்டப்படி கட்டாயம். சொகுசுக் கப்பலில் உல்லாசமாகப் போகும் பயணி விழுந்தால் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்று அமெரிக்கா 2010லேயே சட்டத்தில் எழுதியது. நம் கடலில் இரவெல்லாம் மடி இழுக்கும் மனிதருக்கு அந்த மதிப்பு இல்லையா?

நம் கடலுக்கு ஒரு பெரிய கிருபை இருக்கிறது. அது வெதுவெதுப்பானது. உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயம் ஒன்றில், 2014 மார்ச் 30 அன்று வட பசிபிக்கில் விழுந்தவரை ஏ.ஐ.எஸ். கருவி இருந்ததால் சுமார் நூறு நிமிடத்தில் மீட்டார்கள், பிழைத்தார். அதே பந்தயத்தின் அடுத்த சுற்றில், 2016 ஏப்ரல் 1 அன்று ஒரு பெண் விழுந்தார். கருவி அவரையும் காட்டிக்கொடுத்தது; ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தூக்கினார்கள். உயிர் இல்லை. அந்தக் குளிர்ந்த, கொந்தளித்த கடலில் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது எளிதல்ல. நம் பக்கம் தலைகீழ். 2019 ஜூலையில் மேற்கு வங்க மீனவர் ஒருவர் படகு கவிழ்ந்து வங்கக் கடலில் நாட்கணக்கில் மிதந்தார். பங்களாதேஷ் கப்பலான ‘ஜவாத்’ அவரைக் கண்டு தூக்கியது. நம் கடல் அத்தனை நேரம் தருகிறது. அவர் விழுந்தது நமக்குத் தெரியாததால்தான் அந்த நேரம் வீணாகிறது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் சொல்ல மாட்டார். இந்த மணி சில நேரம் பொய்யாக அடிக்கும். மீன் வைக்கும் ஐஸ் அறைக்குள் ஒருவர் இறங்கினால், இரும்பும் ஐஸும் அலையை மறைத்துவிடும், பெட்டி அலறும். இரண்டு முறை அப்படி ஆனால் டிரைவர் எரிச்சலில் சுவிட்சை அணைத்துவிடுவார். அத்தோடு கருவி பெட்டியோடு தூங்கிவிடும். ஆகவே வாங்கும் முன் பெட்டியை எங்கே வைத்தால் படகு முழுதும் எட்டுகிறது என்று பொருத்துபவரை ஏற்றி, ஆளை ஒவ்வொரு மூலைக்கும் அனுப்பிச் சோதியுங்கள். ஐஸ் அறைக்குள்ளும் இறக்கிப் பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, வண்ணம் பூசி, இஞ்சினைப் பிரிக்கும் அந்த நாட்களில் இந்தப் பெட்டியையும் பொருத்திவிடலாம். தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஒரு வில்லையைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அமுக்குங்கள். மணி அடிக்க எத்தனை நொடி, டிரைவர் படகைத் திருப்ப எத்தனை நொடி, மிதவையை வீசியவர் யார், விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டியவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைச் சுக்கானுக்கு மேலே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.